முதல் ஐந்து மாணவர்கள்

கேள்வி: புதிதாகத் தனியார் பள்ளி தொடங்குகிறவர் முதலில் எதைத் தேட வேண்டும்? இடத்தையா, பணத்தையா?

பதில்: நல்ல ஆசிரியரை!

ரவீந்திரநாத் தாகூர் 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது மாணவர்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். தன் பிள்ளையைச் சேர்க்கத் துணிந்தவரை ஊர் நம்பலாம்! நிலம் தந்தை தேவேந்திரநாத் முன்பே ஏற்பாடு செய்திருந்தது, வகுப்பறை மரத்தடி. செலவுதான் விழி பிதுங்க வைத்தது. மனைவி மிருணாளினி தேவி நகைகளைக் கொடுத்தார். பூரியில் இருந்த வீடும் விலைபோனது.

எனவே, உங்கள் பள்ளிக்கு வண்ண வண்ண முகப்பு பிறகு வரட்டும். இரண்டு மூன்று வருடச் சம்பளப் பணத்தை முதலில் தனியே ஒதுக்குங்கள். ஆசிரியர் நிலைத்தால்தான் பிள்ளைகள் நிலைப்பார்கள்.

தாகூரின் அந்தப் பள்ளி 1921-இல் விஸ்வபாரதி என்ற கல்வி நிறுவனமாக விரிந்தது. 1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது.