கிராம் தம்பி

சென்னை டோல்கேட் பக்கம் தெருவுக்கு ஒரு கிராம் தம்பி உண்டு. வயது 16, 17 இருக்கும். கணக்குப் பரீட்சையில் தேறுவானா என்று டீச்சருக்கே சந்தேகம். ஆனால் எதில் எத்தனை கிராம் புரோட்டீன் என்று கேட்டால், புள்ளிக்கு அப்புறம் இரண்டு எண் வரை ஒப்பிப்பான்.

"வெயிட்டு அம்பது கிலோ. இன்ட்டு ரெண்டு. நூறு கிராம் உள்ள போவணும்ணா" என்பான். இது ஜிம் அண்ணன் அருளிய சூத்திரம். சூத்திரம் சொன்ன அண்ணனிடமே பவுடர் டப்பாவும் கிடைக்கும் என்பது தற்செயல்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், 16 முதல் 18 வயதுப் பையன்களுக்கு நாளுக்கு 55 கிராம் என்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னால் சிரிக்கிறான். "ஹைதராபாத்துக்காரனுக்கு பிரியாணிதாண்ணா தெரியும்."

அவனுக்கு ஒரே ஒரு கொள்கை: லேபிள் இல்லாத எதிலும் புரோட்டீன் இல்லை. அம்மா காசிமேட்டிலிருந்து நெத்திலி வாங்கி வந்து, மணிக்கணக்கில் ஆய்ந்து குழம்பு வைப்பாள். தம்பி தட்டைத் தள்ளிவிட்டு ஷேக்கரைக் குலுக்குவான்.

"டேய், நெத்திலி ஆய்ஞ்சி கை நாறிக்கினு கீது. நீ இன்னாடான்னா மாவு கரைச்சிக் குடிக்கிற?"

"மா, இதுல எத்தினி கிராம்னு எங்கனா போட்டுக்கீதா?"

போடவில்லைதான். வங்கக் கடலில் மீனுக்கு லேபிள் ஒட்டுகிற வழக்கம் இன்னும் வரவில்லை.

முட்டை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. வெள்ளைக்கரு மட்டும்தான். முட்டையின் 6 கிராம் புரோட்டீனில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சள்கருவில் இருக்கிறது. அது பூனைக்குப் போகிறது. இந்த வீட்டில் ஆறு மாதமாக வளர்ச்சி தெரிவது பூனையிடம்தான். சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டதால், எட்டாவது படிக்கிற தங்கையின் பள்ளிக்கூட முட்டைமீதும் ஒரு கண். ஜெல் பேனா கொடுத்து முட்டை வாங்கும் பண்டமாற்று கொஞ்ச நாள் நடந்தது. சத்துணவு ஆயா பார்த்துவிட்டாள், நின்றுபோனது.

சோற்றையும் விட்டுவிட்டான். கார்ப்பாம். உடம்புக்கு ஓட எரிபொருள் வேண்டும். சோறு போடாவிட்டால், கட்டில் காலை உடைத்து அடுப்பெரிக்கிற மாதிரி, அது புரோட்டீனையே எடுத்து எரிக்கும். அதாவது, தம்பி காசு கொடுத்து வாங்கும் விறகு இந்த வட்டாரத்திலேயே விலை உயர்ந்தது.

ஷேக்கரில் அவன் அருவருப்பில்லாமல் கரைத்துக் குடிக்கும் 'வே' என்பது வேறொன்றுமில்லை, சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரிகிற தண்ணீரை வடிகட்டிக் காயவைத்துப் பொடியாக்கியது. வீட்டில் பால் திரிந்தால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வான்.

புரோட்டீன் உயரத்தையும் கூட்டும் என்று நம்பி, வாரம் ஒருமுறை கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பென்சில் கோடு போடச் சொல்வான். நைனா ஐந்தடி நான்கு, அம்மா ஐந்தடி. உயரத்தில் பெரும்பங்கு அவர்கள் எழுதிக் கொடுத்த பட்டாதான். சத்துக் குறைந்தால் அதிலும் கொஞ்சம் போகும். தேவைக்கு மேல் கொட்டினால் எலும்பு அதற்காக நீளாது. மிச்சப் புரோட்டீனை உடம்பு எரிக்கும், அல்லது கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கும்; அதன் நைட்ரஜன் யூரியாவாகி பாத்ரூம் வழியே போய்விடும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். தம்பியோ ராத்திரி ரெண்டு மணிவரை உயரம் கூட்டும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான். காலையில் டோல்கேட் மெட்ரோவில் படியேற மாட்டான், லிஃப்ட்தான். ஜிம்மில் ஏற்றிய 'கெய்ன்ஸ்' கரைந்துவிடுமாம்.

இரண்டு முழு முட்டை, நெத்திலி ஒரு கை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால், இட்லி, சோறு, சாம்பார். கூட்டிப் பார்த்தால் 55 அங்கேயே வந்துவிடும். கூட்டத்தான் அவனுக்கு வராது.

உங்கள் வீட்டிலும் ஒரு கிராம் தம்பி இருந்தால் திட்டாதீர்கள். இந்த வயதில் கையில் எடுத்தது ஷேக்கர்தானே, சிகரெட் இல்லையே. அடுத்த தடவை நெத்திலிக் குழம்பு வைக்கும்போது, சட்டியின்மேல் ஒரு காகிதம் ஒட்டி, 'நெத்திலி 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் புரோட்டீன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். சட்டியை வழித்துச் சாப்பிடுவான்.