புற்றைப் படித்தவர்கள்

கேள்வி: செயற்கைக்கோள் காலத்தில் காட்டறிவு, பாட்டன் பாடம் என்பதெல்லாம் வெறும் பழம்பெருமைதானே?

பதில்: புளோரிடாக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2016-இல் போட்டி வைத்தார்கள். சுமார் 1,000 பேர் ஒரு மாதம் அலசியதில் சிக்கியவை 106. மறு ஆண்டு ஜனவரியில் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த நம் ஊர் இருளர் பழங்குடியினரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள்; முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13. அது கைப்பழக்கம், அறிவல்ல என்பீர்கள். வெறும் பழக்கமென்றால் பழகிய மண்ணோடு நின்றிருக்கும். பார்த்தறியாத நிலத்தில், உரித்த சட்டை, எச்சம், புல் மடிந்த தடம் இவற்றை வைத்துப் பாம்பு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கணிப்பது அனுமானம். ஆய்வகத்தில் செய்தால் அதற்கு முனைவர் பட்டமே தருகிறோம். பதின்மூன்றால் புளோரிடாவின் தொல்லை தீராது என்பது உண்மைதான். ஆயிரம் பேராலும் தீரவில்லையே!

இந்த அறிவுக்கு எல்லை உண்டு. 1978-இல் தொடங்கி, இப்போது சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம்தான் இந்திய விஷமுறிவு மருந்துக்கு முக்கிய மூலப்பொருள். ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது; இங்கெடுத்த விஷத்தில் செய்த மருந்து வேறிடங்களில் சில சமயம் போதிய பலன் தருவதில்லை. அதைக் கண்டுபிடித்தது ஆய்வகம். இருந்தாலும் ஆய்வகத்துக்குப் பாம்பு தானாக நடந்து வராது. யாராவது பிடித்துத் தர வேண்டும். அப்படிப் பிடிப்பவர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.