கடலில் போட்டாலும் அளந்து போடு

ஆவரேஜ் என்றால் சராசரி என்று கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்திருப்பார். அதே வார்த்தையை மெட்ராஸ் ராஜாஜி சாலையில் கப்பல் இன்ஷூரன்ஸ் பார்ப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். "அடடா, சரக்கு எவ்வளவு போச்சு?" என்று துக்கம் விசாரிப்பார்!

அவர் சொல்வதுதான் ஒரிஜினல். அரபியில் 'அவார்' என்றால் பழுது. இத்தாலிய வியாபாரிகள் வாயில் அது 'அவரியா' ஆகி, பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஆக, "உங்க பையன் ஆவரேஜ்" என்று டீச்சர் சொன்னால், டேமேஜ் ஆன பீஸ் என்று அர்த்தம். (டீச்சருக்கே தெரியாது, விடுங்கள். 'சராசரி' மட்டும் என்ன, உருது வழியாக வந்த பாரசீகச் சரக்குதான்.)

விஷயம் இதுதான். புயலில் கப்பல் தத்தளிக்கிறது. பாரம் குறைய, கேப்டன் யாரோ ஒருவருடைய மூட்டைகளைக் கடலில் தள்ளுகிறார். கப்பல் பிழைத்தது, அந்த ஒருவர் மட்டும் போண்டியாகலாமா? அவரவர் சரக்கின் மதிப்புக்கேற்ப எல்லோரும் நஷ்டத்தில் பங்கு கொடுங்கள் என்றது ரோமானியர் காலத்துச் சட்டம். அப்புறம் பார்க்க வேண்டுமே வேடிக்கையை! புறப்படும்போது "அத்தனையும் பட்டு" என்று பீற்றியவர், "எல்லாம் கந்தல் சார்" என்று காலில் விழுவார். மூட்டையைப் பறிகொடுத்தவரோ, உள்ளே இருந்தது தங்கம் என்று கற்பூரம் அணைப்பார்.

இந்தப் பஞ்சாயத்துக்காகப் போட்ட பங்கீட்டுக் கணக்குதான் 18ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடக் கணக்காகி, இன்று கிரிக்கெட் வரை வந்து நிற்கிறது.

சரக்கைக் கடலில் விடுவதற்கென்றே அமைந்த ஊர் மெட்ராஸ். 1639இல் இந்த மணல்திட்டைப் பிடித்த பிரான்சிஸ் டே துரை, துறைமுகமே இல்லாத கடற்கரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்! இங்கே துணி 20 சதவீதம் மலிவு என்பது அவர் சொன்ன காரணம். சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள் என்பது ஊர் வம்பு. எதுவானால் என்ன, கப்பல் நிற்பதோ நடுக்கடலில். தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில் துணியை ஏற்றி, அலையைத் தாண்ட வேண்டும். படகு கவிழ்ந்தால் துரையின் 20 சதவீதம் காசிமேட்டு மீனுக்கு.

ஒருவழியாக 1876இல் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் புயல் வந்து அதையும் பிய்த்துப் போட்டது.

பழைய கதை என்று சிரிக்காதீர்கள். 2021இல் சூயஸ் கால்வாயின் குறுக்கே மாட்டிக்கொண்ட 'எவர் கிவன்' கப்பலின் முதலாளிகள் அறிவித்ததும் இதே பங்கீடுதான், பெயர் 'ஜெனரல் ஆவரேஜ்'. மீட்புச் செலவில் சரக்குக்காரர்களுக்கும் பங்கு! ஜாமீன் கொடுக்காமல் பெட்டியைத் தொட முடியாது. "என் பெட்டி நனையவே இல்லையே" என்றால் யார் கேட்பது?