முன்பின் தெரியாதவரின் நலம் நாடி

அறிமுகமே இல்லாதவரிடம் எதையாவது விற்க எழுதும் மின்னஞ்சலைத் தொழில் வட்டாரத்தில் ‘கோல்ட் மெயில்’ என்பார்கள். அதன் மூதாதை 1978 மே மாதம் பிறந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் மேலாளர் கேரி டர்க், புதிய கணினிகளின் அறிமுக நிகழ்ச்சிக்கு இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேரை ஒரே மடலில் அழைத்தார். முகவரிகள் தமக்குரிய இடத்தில் கொள்ளாமல் மடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. வசவுகள் குவிந்தன. ஆனாலும் விற்பனை அமோகம் என்று அவரே பின்னாளில் சொன்னார். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்தவை அச்சுவார்ப்பு மடல்கள். பெயர் மட்டும் மாறும், மற்றதெல்லாம் ஒன்றே. அந்தப் பெயரும் சரியாக வருவதில்லை. முதல் சொல்லே பெயர் என்று நம்பும் கருவி, எஸ். முருகேசனை ‘அன்பு எஸ்’ என்று கொஞ்சும். அவர் முருகேசன் சண்முகம் என்று விரித்து எழுதியிருந்தால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நம்பும் இன்னொரு கருவி ‘மதிப்புக்குரிய திரு. சண்முகம்’ என்று அவருடைய தகப்பனாரைக் கூப்பிட்டு, சம்பளப் பட்டியல் மென்பொருள் வாங்கச் சொல்லும். தகப்பனார் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் மடலையே இயந்திரம் எழுதத் தொடங்கியது. இத்தகைய கருவியை வடிவமைப்பவருக்கு நடை ஒரு பிரச்சினையே அல்ல. இயந்திரம் நன்றாகவே எழுதும். ‘இவருக்கு ஏன் எழுதுகிறோம்?’ என்ற கேள்விக்கு அனுப்புபவரிடமே பதில் இருக்காது என்பதுதான் சிக்கல். காரணம் தராமல் தனிப்பட்ட தொனி கேட்டால், இயந்திரம் காரணத்தைத் தானே உண்டாக்கும்: பெறுநர் வாங்காத விருதுக்கு வாழ்த்தும், அவர் பேசாத மேடைப் பேச்சுக்கு நெகிழ்ச்சியும் தெரிவிக்கும். ஆகவே ஒவ்வொரு பாராட்டுக்கும் ஆதாரம் காட்டச் சொல்லி, ஆதாரம் இல்லாத வரியை நீக்குவதே ஒழுங்கான வடிவமைப்பு. அப்படி நீக்கினால் பல மடல்களில் வணக்கமும் கையொப்பமும்தான் மிஞ்சும். வாடிக்கையாளர்கள் இதை விரும்புவதில்லை. அவர்கள் கேட்பது ‘நட்பு’ அளவைக் கூட்டும் ஒரு நெம்புகோல். அதை முழுக்கத் தள்ளினால் மடல், கைமாற்றுக் கேட்க வந்த ஒன்றுவிட்ட மச்சான்போல் குழையும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பாம் சட்டம் கோல்ட் மெயிலைத் தடை செய்யவில்லை. தலைப்பு ஏமாற்றக் கூடாது, அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் விட்டுவிட வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. என்றைக்கோ பேசியதுபோல் தலைப்பில் ‘ரீ:’ சேர்க்கும் தந்திரம் இங்கே அடிபடுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் கண்டிப்பானது: ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோர், ஸ்பாம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயிரத்தில் மூன்று பேர் கோபித்துக்கொண்டாலே ஆபத்து.

கருவியின் கடைசி வேலை, வரும் பதில்களைத் தரம் பிரிப்பது. ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதிலை வெற்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ‘வேலையை விட்டுவிட்டார்’ என்று வந்தால் புதியவரைத் தேட வேண்டும். இவை எளியவை. கிண்டல்தான் கடினம். ‘ஆகா, இந்த மடலுக்காகத்தான் ராத்திரி பகலாகக் காத்திருந்தேன்’ என்று ஒருவர் எழுதினால், கருவி அவரை முதல்தர வாடிக்கையாளராகக் குறித்து, மறுநாள் காலை பத்து மணிக்குச் சந்திப்பும் ஏற்பாடு செய்துவிடும்.