பத்து சதவீத இறக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் வரும் பிக்கப் டிரக் விளம்பரங்களில் வண்டி எப்போதும் மேலேதான் ஏறும். பின்னால் பெரிய டிரெய்லர், சுற்றிலும் பைன் மரங்கள், கரகரத்த ஆண் குரல், திரை நிறைய "இழுவைத் திறன் 11,000 பவுண்டு" என்று எழுத்து. உச்சிக்குப் போய் நின்றதும் விளம்பரம் முடிந்துவிடும். ஏறிய அந்த வண்டி கீழே இறங்கிவிட்டதா, அங்கேயே குடித்தனம் நடத்துகிறதா என்பது பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

அப்படிப்பட்ட டிரக் ஒன்று சிகாகோ புறநகரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் பின்னால் மாட்டுவதற்கு 30 அடி நீளத்தில் ஒரு டிராவல் டிரெய்லர். அடுப்பு, குளியலறை, ஆறு பேர் படுக்க இடம் எல்லாம் உண்டு. சென்னையில் இதே இடத்துக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். இல்லினாய் மாநிலத்தில் இதை இழுத்துப் போவதில் எந்தச் சாமர்த்தியமும் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்த கோடையில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போவது என்று முடிவாயிற்று. ஐ-90 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய்க்கொண்டே இருந்தால் தெற்கு டகோட்டா தாண்டி, வயோமிங் மாநிலத்தில் பஃபலோ என்ற சின்ன ஊர் வரும். எதிரே பிக்ஹார்ன் மலைத்தொடர். அதன் உச்சியான கிளவுட் பீக் 13,167 அடி. அதுவரை நேராக வந்த ஐ-90, மலையைப் பார்த்ததும் வடக்கே திரும்பி ஒதுங்கிப் போய்விடும். நெடுஞ்சாலை போட்டவர்களே வம்பு வேண்டாம் என்று விலகிய இடத்தில்தான், டிரெய்லர்காரன் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மலையைத் தாண்ட மூன்று சாலைகள். பஃபலோவிலிருந்து நேரே ஏறும் யூ.எஸ். 16, பவுடர் ரிவர் கணவாயில் 9,666 அடியைத் தொட்டு, டென் ஸ்லீப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும். வடக்கே யூ.எஸ். 14, கிரானைட் கணவாயைத் தாண்டி ஷெல் பள்ளத்தாக்கில் இறங்கும். அந்தச் சாலையிலிருந்து மலைமேலேயே பிரிந்து லவல் என்ற ஊருக்கு இறங்குவது 14ஏ. இந்த மூன்றாவது சாலையைப் பனிக்காலத்தில் மூடியே விடுவார்கள். மூன்றுக்கும் 'சீனிக் பைவே' என்ற பட்டம் கொடுத்திருக்கிறார்கள். இயற்கைக் காட்சி உள்ள சாலை என்று அரசாங்கமே பலகை வைத்தால், பள்ளம் தெளிவாகத் தெரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்களிடம் கேட்டேன். எல்லாருமே என்ஜினைப் பற்றித்தான் பேசினார்கள். "உன் வண்டி 11,000 இழுக்கும், டிரெய்லர் 8,000தான், அப்புறம் என்ன?" என்றார் ஒருவர். "14ஏ-ல போங்க, வியூ பிரமாதம், ரோட்ல ஒண்ணுமே இல்ல" என்றார் இன்னொருவர். துருவிக் கேட்டதில், அவர் போனது வாடகைக் காரில் என்று தெரிந்தது. செல்போன் வரைபடமோ எந்த வழியில் எத்தனை நிமிடம் மிச்சம் என்பதிலேயே குறியாக இருந்தது. பின்னால் ஒரு வீடு தொங்குகிறது என்பது அதற்குத் தெரியாது.

11,000 என்ற எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டிரக்கில் ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். எங்கள் வண்டிக்கு 1,800 பவுண்டு. டிரெய்லரின் மூக்கு டிரக்கின் கொக்கியில் உட்காருகிறதே, அந்தக் கனமும் இந்தக் கணக்கில்தான் வரும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருந்தாக வேண்டும். குறைந்தால், அதாவது பின்பக்கம் கனத்தால், வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். 8,000 பவுண்டுக்கு மூக்கு 1,000 என்று வைத்தால் மிச்சம் 800. அதற்குள் ஐந்து பேர்.

ஆகவே குடும்பத்தில் எல்லாரிடமும் எடை கேட்க வேண்டியதாயிற்று.

"எதுக்குங்க மாப்ள, ரேசன் கார்டுல போடோணுமா?" என்றார் மாமியார். பிறகு பெரிய மனது பண்ணி ஓர் எண் சொன்னார். அது கல்யாணத்தன்று இருந்த எடை என்று மாமனார் பின்னால் தனியாக வந்து தெரிவித்தார். டிரெய்லர் கம்பெனிக்காரர்களும் இதே ரகம்தான். விற்பனைத் தாளில் 'உலர் எடை' என்று ஒன்று போடுவார்கள். தண்ணீர் இல்லாமல், பாத்திரம் இல்லாமல், அரிசி மூட்டை இல்லாமல் பார்த்த எடை அது. தண்ணீர் மட்டுமே ஒரு காலனுக்கு 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு. கடைசியில் லாரிகள் நிற்கும் பங்க்கில் எடைமேடை மீது எல்லாரையும் ஏற்றி நிறுத்தித்தான் உண்மை வெளியே வந்தது. கோயம்புத்தூர் கிரைண்டர் டிரக்கிலிருந்து டிரெய்லருக்குப் போய், சரியாக அச்சுக்கு மேலே இடம் பிடித்தது. தண்ணீர்த் தொட்டி காலி. எடை வரம்புக்குள் வந்தது.

இத்தனையும் ஏறுவதற்கே தவிர, இறங்குவதற்குப் போதாது. சாதாரண பெட்ரோல் என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் உத்தேசமாக 3 சதவீத பலத்தை இழக்கும். இழந்துவிட்டுப் போகட்டும். ஏற முடியாத வண்டி நின்றுவிடும். ஓரங்கட்டி விளக்கைப் போட்டு உட்காரலாம். இறங்க முடியாத வண்டி நிற்காது. பிரச்சினையே அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 14,500 பவுண்டு. அது 4,000 அடி கீழே இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 22 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மலை அதைச் சும்மா வாங்கிக்கொள்ளாது. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது போக மீதியை என்ஜினோ பிரேக்கோதான் சூடாக மாற்றியாக வேண்டும். பிரேக் பட்டை அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பு போய்விடும். மிதிக்க மிதிக்க வண்டி பாட்டுக்குப் போகும். 14ஏ-வின் மேற்குச் சரிவு 10 சதவீதம். 100 அடி போனால் 10 அடி இறக்கம், அதுவும் மைல் கணக்கில். யூ.எஸ். 16-இலும் இறக்கம் சிறிதல்ல, மொத்தம் 5,000 அடிக்கு மேல். ஆனால் அது நீண்ட தூரத்துக்குப் பரந்து கிடக்கிறது. சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்திலும் 7 சதவீதத்தை ஒட்டித்தான். கடன் பெரியதானாலும் தவணை நீளம். பிரேக் மூச்சு வாங்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

இந்தக் கணக்கை மாமனாரிடம் காட்டினேன். அவர் வால்பாறை மலையில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை என்றால் அவருக்கு ஒரே கேள்விதான்.

"எத்தன கொண்டை ஊசிங்க மாப்ள?"

நம் ஊரில் மலையை அப்படித்தான் அளப்போம். வால்பாறைக்கு 40, கல்லட்டிக்கு 36, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நின்று, இன்னும் எத்தனை பாக்கி என்று ஆறுதல் சொல்லும். அமெரிக்காவில் வளைவுக்கு எண் கிடையாது, சரிவுக்குத்தான் சதவீதம். 14ஏ பெயரெடுத்தது சரிவுக்காக, வளைவுக்காக அல்ல என்றேன்.

"அப்ப அதுலயே போலாமுங். ஊசி இல்லாத மலையும் ஒரு மலைங்களா?"

"பத்து சதவீதம் மாமா."

"பத்துதானா?" என்றார் உள்ளேயிருந்து மாமியார். "ஆடிக்கு அம்பது குடுப்பானுங்களே."

மாமனார் சிரிக்கவில்லை. "அந்தப் பத்து எத்தன தூரத்துக்குங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "வேண்டாமுங். ஊசி வந்தா எவனா இருந்தாலும் வேகத்தக் கொறச்சே ஆகோணும். வளைவுதான் டிரைவருக்குக் காவல். உடாம எறங்குற ரோட்டுலதான் வண்டி நம்ம பேச்சக் கேக்காது."

அன்றிலிருந்து அவர் என் பக்கம். 'மவுண்டன் டைரக்டரி வெஸ்ட்' என்ற புத்தகத்தை வாங்கியிருந்தேன். லாரிக்காரர்களுக்கும் டிரெய்லர்காரர்களுக்கும் என்றே மேற்கு மாநிலக் கணவாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பக்கம் எத்தனை சதவீதம், எத்தனை மைல், எங்கே வளைவு என்று எழுதியிருக்கும். வர்ணனை, உவமை எதுவும் கிடையாது. என் மகள் மொழிபெயர்க்க, மாமனார் அதைத் தொடர்கதை மாதிரி கேட்டார். பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே மலைச்சாலை ஓரத்தில் சரளைக்கல் கொட்டிய தனிப் பாதை போட்டிருப்பார்கள் என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பிரேக் புடிக்காதவனுக்குன்னு தனி ரோடா! கவருமெண்டுன்னா இதுங்க அம்மிணி."

யூ.எஸ். 16 என்று முடிவாகி, காலையில் பஃபலோவிலிருந்து ஏறினோம். ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரத்தில் வருவது போலவே இருந்தது. கணவாயில் நிறுத்தி, கொக்கி, சங்கிலி, டிரெய்லர் பிரேக் மூன்றையும் பார்த்துவிட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்தேன். டென் ஸ்லீப் பள்ளத்தாக்கில் வண்டி இரண்டாம் கியரில், மணிக்கு 35 மைல். என்ஜின் 4,000 சுற்றில் அலறியது.

"வண்டி கத்துதுங்க, நிறுத்துங்க!" என்றார் மாமியார்.

"கத்தட்டும். கத்துனாத்தான் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம்" என்றார் மாமனார்.

வேகம் 40-ஐத் தொட்டால் ஒரே அழுத்தாக அழுத்தி 30-க்குக் கொண்டுவந்து, காலை எடுத்துவிட வேண்டும். சும்மா மிதித்துக்கொண்டே வந்தால் பட்டை வெந்துவிடும். ஒவ்வொரு முறை நான் மிதிக்கும்போதும் பக்கத்து இருக்கையில் மாமனாரின் வலது காலும் மிதியடியை மிதித்தது. சில நேரம் எனக்கு முன்னாலேயே மிதித்தது. பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் சேர்ந்துவிட்டன. ஒதுங்கிடம் வந்ததும் ஓரங்கட்டி எல்லாரையும் போகவிட்டோம். மாமனார் இறங்கிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டி, "வெதுவெதுன்னுதான் இருக்குங்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மலையைத் தாண்டி வந்து, கோடி என்ற நகரத்தில் டிரெய்லரை முகாமில் நிறுத்திவிட்டு, டிரக்கில் மட்டும் யெல்லோஸ்டோன் போய் வந்தோம். கிழக்கு வாசலைத் தாண்டினால் சில்வன் கணவாய் 8,500 அடிக்கு மேல். அதற்கு வீட்டையும் இழுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை.

திரும்பும் நாளுக்கு முந்தின இரவு மாமனார் புத்தகத்தோடு வந்தார்.

"மாப்ள, ஏத்தத்துல பயமில்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"ஆமாங்க மாமா."

"நாம இப்பக் கெழக்க போறம். அந்தப் பத்து சதவீதம் நமக்கு ஏத்தந்தானுங்களே?"

பதில் சொல்ல முடியாத தர்க்கம். ஏறிய பிறகு மறுபுறம் யூ.எஸ். 14-இல் இறங்க வேண்டியிருக்குமே என்று நான் இழுத்தேன். அந்தப் பக்கத்து இறக்கத்தை நேற்றே மகளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டதாக அவர் சொன்னார். இருவரும் மேசையில் வரைபடத்தை விரித்தோம். மனைவி வந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நாளைக்கு நான் ஓட்டறேன், பில்லிங்ஸ் வழியா."

மறுநாள் மலையைச் சுற்றிக்கொண்டு வடக்கே மொன்டானாவுக்குள் போய், அங்கே ஐ-90-ஐப் பிடித்தோம். எண்பது மைலுக்குக் குறையாத சுற்று. கணவாய் இல்லை, சதவீதம் இல்லை, சீனிக் பைவே பலகையும் இல்லை. பாதுகாப்பான மலைப்பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இப்போது யாராவது கேட்டால் ஒரே அடையாளம்தான் சொல்வேன்: பில்லிங்ஸ் வருவதற்குள், ஓட்டியவளைத் தவிர வண்டியில் எல்லாரும் தூங்கிவிட்டோம்.