திரிந்த பாலும் திருடின பழமும்

அடுப்பில் பால் திரிந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவருக்கு அடி உறுதி. பாத்திரத்தைச் சரியாகக் கழுவாதவள், புளிக்கையோடு தொட்டவன், கவனிக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் என்று குற்றவாளிகளுக்குப் பஞ்சமே இருக்காது. வெள்ளிக்கிழமை திரிந்தால் குற்றம் குடும்பத்தோடு நிற்காது, சகுனம் வரைக்கும் போகும். இன்று அதே அடுக்களையில் என் மகள் நல்ல பாலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அது திரிகிறதா என்று ஆவலோடு குனிந்து பார்க்கிறாள். திரிந்ததும் கைதட்டுகிறாள். எண்பதைத் தாண்டிய என் அம்மை வாசல்படியில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை இடிக்கிறாள். உலகம் தலைகீழாவதைப் பற்றி அவளுக்குப் புகார் இல்லை. விலைதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

எங்கள் ஊரான மண்டைக்காட்டில் அன்று பால் என்பது விருந்தாளிக்கு உரியது. கடலும் தென்னையும் மணலுமான ஊரில் பசுவுக்குப் புல் தேட வேண்டும். வீட்டுக்காரர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி. அதில் பால் சேர்ந்தால் யாரோ பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பொருள். மீனமாசத்து வெக்கையில், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், காலையில் வாங்கிய உழக்குப் பால் மத்தியானம் சூடாக்கும்போது கட்டி கட்டியாகப் பிரியும். புளிப்பு ஏறிய பாலில் சூடு பட்டதும் அதன் புரதம் திரண்டு, தண்ணீர் தனியே நிற்கும். அம்மை அடியை முடித்துவிட்டு, அந்தக் கட்டியைத் துணியில் வடித்து, கருப்பட்டி போட்டுக் கிளறி எங்களுக்கே தருவாள். அடி வாங்கியவனுக்குக் கொஞ்சம் கூடுதல். இப்போது கணக்குப் பார்த்தால் நாங்கள் தின்றது பாலாடைக்கட்டிதான். ஆனால் நட்டக் கணக்கில் எழுதப்பட்ட ஒன்றுக்கு யாரும் பெருமை பேசுவதில்லை.

பழத்தின் கதை இன்னும் மோசம். அன்று கடையில் ஆரஞ்சோ ஆப்பிளோ வாங்கிக்கொண்டு போகிறவனைக் கண்டால் வழியிலேயே நிறுத்தி, "யாருக்கு மேலு சுகமில்லை?" என்று கேட்பார்கள். சுகமுள்ளவன் காசு கொடுத்துப் பழம் தின்பது அநாவசியம். வீட்டில் மட்டி வாழைக்குலை தொங்கினால் அது கைக்குழந்தைக்கு, ஏத்தங்குலை விற்பனைக்கு. அம்மன் கோவில் மாசிக்கொடை பத்து நாளும், இருமுடி கட்டிக் கேரளத்திலிருந்து வரும் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே, பலகையில் கீற்றுப்போட்ட தண்ணிமத்தன் ஈ மொய்க்கச் சிவப்பாகக் கிடக்கும். எங்களுக்கு மண்டையப்பம் போதும் என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தலைவலி போக அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் அப்பம் அது. தண்ணிமத்தன் கிடைக்காத தலைவலிக்கும் அதுவே மருந்து.

ஆகவே எங்கள் பழம் அடுத்தவன் விளையில் இருந்தது. பங்குனி, சித்திரையில் கொல்லாமரத்தடி மஞ்சளும் சிவப்புமாக நிறையும். விளைக்காரருக்கு வேண்டியது அண்டி, அதாவது முந்திரிக்கொட்டை மட்டும். அது எடை போட்டு அண்டியாபீசுக்குப் போகும். பழம் ஒரே நாளில் நைந்து மணலில் கிடக்கும். அதைத் தின்றால் தொண்டை கரகரக்கும், சாறு பட்ட சட்டைக் கறை சட்டை கிழியும்வரை போகாது. அதனால் நிக்கர்ப் பையில் உப்புப் பொட்டலத்தோடுதான் போவோம். உப்புத் தடவினால் துவர்ப்பு அடங்கும், இனிப்பு முன்னே வரும். பழத்தில் உப்பு என்ற நுட்பத்தை இன்று வெள்ளைச் சட்டைச் சமையல்காரர்கள் தொலைக்காட்சியில் விளக்குகிறார்கள். எங்களுக்கு அதைப் புத்தளம் உப்பளம் கற்றுக்கொடுத்தது.

இப்படிப் பால் ஒரு பக்கமும் பழம் ஒரு பக்கமுமாக இருந்த ஊருக்குள் சீஸ் என்ற ஒன்று வளைகுடா வழியாக வந்தது. குவைத்திலிருந்து வந்த மாமன் ஒருவர், சென்ட் பாட்டில், டாங் பொடி, நிவியா டப்பா இவற்றோடு நீல நிற கிராஃப்ட் டின் ஒன்றையும் கொடுத்தார். திறந்தால் உள்ளே துணி சோப்பு மாதிரி மஞ்சளாக ஒரு கட்டி. வாசனையும் அந்த வகைதான். மரச்சீனிக் கிழங்கோடு தொட்டுப் பார்த்தோம். மீன்கறி இருந்த இடத்தில் இதை வைத்த மாமனை மனதுக்குள் திட்டினோம். அம்மை ஒரு விள்ளலை நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்: "பாலு கெட்டுப்போச்சு. அதும் கப்பலேறிப் போய்க் கெட்டிருக்கு." ஆனால் டின் நல்ல டின். பல வருடம் அதில் கடுகு இருந்தது.

இப்போது சித்திரை விடுமுறைக்கு மகள் பெங்களூரிலிருந்து வருகிறாள், கூடவே ஒரு சின்னப் பெட்டியில் ஃபெட்டாவும் வருகிறது. அது கிரேக்க தேசத்துச் சரக்கு. செம்மறியாட்டுப் பாலில், வெள்ளாட்டுப் பால் கொஞ்சம் சேர்த்தும் செய்து, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுவது. கிரேக்கத்தில் செய்யாத எதையும் அந்தப் பெயரில் விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002 முதல் சட்டம் வைத்திருக்கிறது. நாமும் இளைத்தவர்கள் இல்லை. கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். பிள்ளை வாயில் மசித்து ஊட்டிய பழத்துக்கு இப்போது சான்றிதழ் உண்டு.

பெட்டி இரண்டு நாளில் காலி. பிறகுதான் மேலே சொன்ன பால் திரிக்கும் வைபவம். ஒரு லிட்டர் பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, எலுமிச்சைச்சாறு இரண்டு கரண்டி விட்டால் போதும். வடித்து, துணியில் கட்டி, அம்மிக்குழவியை மேலே ஏற்றி வைத்தால் கிடைப்பது 150, மிஞ்சினால் 200 கிராம். அதைத் துண்டுபோட்டு உப்புநீரில் ஓர் இரவு ஊறப்போட்டால் ஃபெட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். தண்ணிமத்தன், செங்கவருக்கை மாம்பழம், வெள்ளரிக்காய், அன்னாசி எல்லாம் ஒரே அளவில் நறுக்கிக் குளிரவைத்து, மேலே இந்தத் துண்டுகள், கிள்ளிப்போட்ட புதினா, இடித்த நல்லமிளகு, எலுமிச்சை. உப்பை மட்டும் பரிமாறும்போதுதான் தூவவேண்டும்; முன்னாலேயே போட்டால் பழம் தண்ணீர் விட்டுக் கிண்ணம் குளமாகும். வெயிலில் அலைந்து வந்தவனுக்கு முதல் வாயிலேயே உயிர் வரும். அம்மையும் தின்றாள். "கொள்ளாம்" என்றாள். பிறகு ஒரு லிட்டர் பால் என்ன விலை என்று கேட்டாள், இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

மிச்சத்தை மகள் ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் எடுத்தால் கடுங்கசப்பு. பால்காரரைச் சந்தேகித்தாள், எலுமிச்சையைச் சந்தேகித்தாள். அம்மை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்:

"அன்னாசியைப் பச்சையா பாலோட சேத்தா கசக்காம என்ன செய்யும் மக்களே? வேக வச்சுல்லா போடணும்."

மகள் உடனே செல்போனில் தேடினாள். அன்னாசியில் புரோமிலைன் என்றொரு நொதி உண்டு; அது பால் புரதத்தைத் துண்டு துண்டாக உடைக்கும், கசப்பு அப்போது பிறக்கும், சூடு பட்டால் நொதி செத்துப்போகும் என்று வாசித்துக் காட்டினாள். அம்மை முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது பிள்ளே. கசக்கும், அது தெரியும்" என்றாள்.

நாஞ்சில் நாட்டுக் கல்யாண இலையில் அன்னாசிப் பச்சடி வைப்பவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். அன்னாசியை மஞ்சள் போட்டு வேகவைத்து, தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, கடுகைச் சதைத்துப் போட்டு, ஆறிய பிறகு தயிர். மாம்பழப் புளிசேரியிலும் முழு மாம்பழம் புளித்த மோருக்குள் கிடக்கும். கடைசியில் பிரதமனில் மட்டிப்பழத்தைப் பிசைந்து, உப்பு இருக்கிற பப்படத்தை அதன்மேல் நொறுக்கி ஒரு வாய். இனிப்புக்கு உப்பும் புளிப்பும் வேண்டும் என்பதை ஏதென்ஸில் ஆட்டுப்பாலை வைத்துக் கண்டார்கள், இங்கே மோரையும் பப்படத்தையும் வைத்து.

இதைச் சொன்னதும் சிலர் மீசையை முறுக்குவார்கள்: எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று. இருந்தது, வருடத்தில் எத்தனை நாள் என்று கேட்கக்கூடாது. பச்சடி கல்யாணத்துக்கும் ஓணத்துக்கும்தான். மற்ற நாளில் கஞ்சியும் மீனும், மீனில்லாத நாளில் கஞ்சியும். அந்தப் பச்சடியின் அன்னாசியும் மிளகாயும், நாங்கள் களவாண்ட கொல்லாம்பழமும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தவை. பாரம்பரியம் என்பது கொஞ்சம் முந்தி வந்த பார்சல். அன்று வேறு வழியில்லாமல் தின்றதை இன்று வழி இருப்பதால் தின்கிறோம்; வித்தியாசம் அவ்வளவுதான், அது சின்ன வித்தியாசமும் இல்லை.

கடந்த விடுமுறையில் மகளோடு ஒரு தோழி வந்தாள். அவள் பால் தொடமாட்டாள். அவளுக்கும் சீஸ் உண்டாம்: முந்திரிப்பருப்பை ஊறவைத்து, எலுமிச்சையும் உப்பும் விட்டு மைபோல அரைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஆயிற்று. அப்படியானால் அதே மரத்துப் பழத்தையே கூடப் போடலாமே என்று எனக்கொரு யோசனை. கொல்லாம்பழம் எந்தக் கடையிலும் விற்பதில்லை. பழைய விளைகள் பாதி வீடாகிவிட்டன. மிச்சமிருந்த ஒன்றுக்கு மூவரும் போனோம், முன்வாசல் வழியாக, அனுமதி கேட்டு. விளைக்காரர் அன்று எங்களைத் துரத்தியவரின் மகன். மகிழ்ந்துபோனார். "எடுத்துட்டுப் போங்க, எவ்வளவு வேணும்னாலும். தூத்து வாரப்போட ஆளில்லை" என்று ஒரு கடவமும் கொடுத்தார். நாங்கள் நிறைத்துக்கொண்டு திரும்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்டியை மட்டும் திருகி வச்சிட்டுப் போங்க."

திருகி வைத்துவிட்டு, சீஸ் செய்வதற்குத் திங்கள்நகரில் கால் கிலோ முந்திரிப்பருப்பு வாங்கிக்கொண்டு வீடு வந்தோம்.