வீட்டுக்காரரிடம் விலாசம் கேட்ட ஊர்

பொருளை ஒளித்து வைப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். எங்கே ஒளித்தோம், எதை ஒளித்தோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்தான் கொஞ்சம் சறுக்கல். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஒரு சமயம் பெருமாளையே ஒளித்து வைத்தார்கள். திரும்பக் கிடைக்க 48 வருஷம் ஆயிற்று. கிடைத்த பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "சரி, ஆனால் நீர் யார்?" என்று கேட்டார்களே, கூத்து அங்கேதான்.

இதில் ஊருக்கு முன் அனுபவம் வேறு இருந்தது. டில்லிச் சுல்தானின் தளபதி மாலிக் காபூர் 1311இல் வந்து போனபோது உற்சவர் டில்லிக்குப் போய்விட்டார் என்பது கோயில் வழக்கு. சரித்திரப் பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கோயிலின் வரலாற்று ஏடான கோயிலொழுகு அவர்களைக் கேட்டுக்கொண்டு எழுதப்பட்டதல்ல. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கரம்பனூர், அதாவது இன்றைய உத்தமர்கோவில். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி படைக்குப் பின்னாலேயே டில்லிவரை நடந்து போனாள். சுல்தானின் களஞ்சியத்தில் மற்ற கொள்ளைப் பொருள்களோடு பெருமாளும் கிடந்தார். அங்கிருந்து அவரை எடுத்துப் போய் விளையாட்டுப் பொம்மையாக வைத்துக்கொண்டவள் சுல்தானின் மகள். இவ்வளவையும் விசாரித்துக்கொண்டு அந்தப் பெண் ஊர் திரும்பித் தகவல் சொன்னாள். பின்சென்றவல்லி என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். துப்பறியும் நிபுணர்கள் வரிசையில் முதல் நாற்காலி அவளுக்குத்தான் போட வேண்டும்.

தகவல் கிடைத்ததும் 60 பேர் கிளம்பினார்கள். கையில் வாள் கிடையாது. ஆடினார்கள், பாடினார்கள், சுல்தான் மனம் குளிர்ந்து "என்ன வேண்டும்?" என்றான். "அந்தப் பொம்மை" என்றார்கள். இவ்வளவு சல்லிசாக முடிந்த சிலை மீட்பு இன்றுவரை வேறு இல்லை. தூங்கி எழுந்த இளவரசி பொம்மையைக் காணாமல் பின்னாலேயே ஸ்ரீரங்கம் வந்து பெருமாளோடு கலந்தாள். துலுக்க நாச்சியார் என்ற பெயரில் அவளுக்குக் கோயிலுக்குள்ளேயே சந்நிதி. சிலை இல்லை, சித்திரம்தான். டில்லிச் சம்பந்தம் ஆனதால் பெருமாளுக்குக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும். சில நாட்களில் கைலியும் உண்டு. ஆசாரத்துக்குப் பேர்போன ஊர், மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டுப் பழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். மேல்கோட்டைக்காரர்கள் இதே இளவரசி கதையைத் தங்கள் உற்சவர் செல்லப்பிள்ளைக்கும் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை பொம்மையோ!

இனி பெரிய கதை. 1323இல் டில்லி இளவரசன் உலூக் கான் படையோடு வந்தான். பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று பெயர் எடுத்து, தலைநகரத்தையே மூட்டை கட்டித் தேவகிரிக்கு அனுப்பியவன் இவன்தான். மற்றவர்களை இடம் மாற்றும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

படை வருகிறது என்று தெரிந்ததும் கோயிலில் வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். மூலவர் பாம்பின்மேல் படுத்திருக்கும் பெரியவர். தூக்கவும் முடியாது, எழுப்பவும் முடியாது. குறுக்கே கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அவர் அதற்கும் புரண்டு படுக்கவில்லை. தாயாரை வில்வ மரத்தடியில் புதைத்தார்கள். பெருமாள் கோயிலில் வில்வ மரத்தடியைத் தோண்டிப் பார்க்க எந்தத் தளபதிக்குத் தோன்றும்? உற்சவரான அழகிய மணவாளனைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தெற்கே நடந்தார். மரபுக் கணக்கில் அவருக்கு வயது நூறுக்கு மேல். அன்று ஸ்ரீரங்கத்தில் 12,000 பேர் மாண்டதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. அந்த வரியில் சிரிக்க ஒன்றுமில்லை, கடந்து போகிறேன்.

வழியில் கள்வர்கள் பெருமாளின் நகைகளைப் பறித்தார்கள். லோகாசாரியர் தன்னிடம் இருந்ததையும் எடுத்துக் கொடுத்து அனுப்பினாராம். மதுரைக்குப் பக்கம் யானைமலை அடிவாரத்தில் ஜோதிஷ்குடி; அங்கே கொஞ்ச காலம் ஒளிந்திருந்தார்கள். லோகாசாரியர் அங்கேயே பரமபதித்தார். இருக்குமிடம் முழுவதும் தெரிந்திருந்த ஒரே பெரியவரும் போய்விட்டார் என்றால் பிறகு கேட்க வேண்டுமா? அழகர்கோயில், கோழிக்கோடு, மேல்கோட்டை, திருமலை என்று பெருமாள் ஊர் ஊராக விருந்தாளியானார். கோழிக்கோட்டில் பார்த்தால் ஆழ்வார்திருநகரியிலிருந்து நம்மாழ்வாரும் அதே கதியில் வந்து இறங்கியிருக்கிறார். பாட்டுடைத் தலைவரும் பாடியவரும் கடைசியில் அகதிகளாகச் சந்தித்துக்கொண்டார்கள். சந்நிதியில் வைத்துச் சேவிப்பதைவிட நெருக்கமான சந்திப்பாக இருந்திருக்கும்.

திருமலையில்தான் சரக்கு நிஜமாகவே தொலைந்தது. அங்கே கோயிலுக்குள் இன்றும் ரங்கநாயகுல மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஆள் குடியிருந்த இடம் அதுதான் என்று திருப்பதிக்காரர்களே சொல்கிறார்கள். குடியிருந்தவர் போய் 650 வருஷம் ஆகியும் வீட்டுக்கு அவர் பெயர்தான். ஆனால் கோயிலொழுகு காட்டும் படம் இவ்வளவு வசதியானதல்ல. பெருமாளோடு எஞ்சியிருந்த கோயில் ஊழியர்களான கொடவர்கள், எதிரி நெருங்குகிறான் என்ற பயத்தில், பெருமாளோடு ஒருவரைக் கொடியில் கட்டி மலைச்சரிவில் இறக்கினார்கள். இறங்கியவர் காய் கனி தின்று பெருமாளைக் காத்துக் கிடந்தார். மேலே இருந்தவர்கள் திரும்ப வந்து தூக்கவில்லை. இப்படி ஒரு சேமிப்புக் கிடங்கு, ரசீது இல்லை, வாடகை இல்லை, தெரிந்த ஆளும் ஒருவர்தான்.

ஸ்ரீரங்கத்தில் அதற்குள் என்ன நிலை? கங்காதேவி மதுரா விஜயத்தில் சொல்லியிருக்கிறாள். இவள் விஜயநகரத்துக் குமார கம்பணனின் மனைவி. செங்கல் உதிர்ந்து பெரிய பெருமாள்மேல் விழாதபடி ஆதிசேஷன் படத்தால் தாங்கிக்கொண்டிருக்கிறானாம், அவர் தூக்கம் கலையக் கூடாதென்று. ஊரே போய்விட்டது, பாம்பு ஒன்றுதான் டியூட்டியில். இதைச் சொல்லும் சுவடியும் தொலைந்துபோய், 1916இல் திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுச் சுவடிக் கட்டில் வேறு நூல்களுக்கு நடுவே அகப்பட்டது. தொலைந்ததைப் பற்றி எழுதினாலும் தொலையும் போலிருக்கிறது.

மலையில் பெருமாளைக் கண்டவர்கள் இருளர்கள். சேதி மெல்லக் கசிந்து கம்பணனின் தளபதி கோபண்ணா காதுக்கு எட்டியது. கோபண்ணா அவரைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, பக்கத்துச் சிங்கவரத்தில் வைத்துப் பூஜை நடத்தினார். சாமியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரி இருக்கும் ஊருக்குள் போகக் கூடாதல்லவா? கண்ணனூரில், அதாவது நம் சமயபுரத்துப் பக்கம், இருந்த மதுரைச் சுல்தானின் படையை முதலில் விரட்டிவிட்டு, 1371இல் பெருமாளை ஸ்ரீரங்கத்துக்கு எழுந்தருளப் பண்ணினார். அதைச் சொல்லும் சுலோகக் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. இயற்றியவர் வேதாந்த தேசிகர் என்பது மரபு. சக ஆண்டு 1293 என்ற எண்ணை அதில் எழுத்துக்குள் பொதித்து வைத்திருக்கிறார்கள். ஒளித்து வைக்கும் பழக்கம் யாரை விட்டது!

மேளதாளத்தோடு வந்து நின்றால், உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

ஊரைக் குற்றம் சொல்வதற்கில்லை. போனவர் வருவாரா மாட்டாரா என்று தெரியாது. கோயில் என்றால் உற்சவம் நடந்தாக வேண்டும். வேறொரு திருமேனியை வார்த்து எழுந்தருளப் பண்ணிவிட்டார்கள். திருவரங்க மாளிகையார் என்று பெயர். இப்போது இரண்டு பேரும் எதிரெதிரே. இரண்டும் பஞ்சலோகம், இரண்டிலும் அதே சிரிப்பு. பழையவரைக் கண்ணால் கண்டவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. மீதிப் பேருக்குப் பார்வை போயாயிற்று. இளவட்டங்களுக்கு மாளிகையார்தான் பெருமாள், வந்தவர் யாரோ வெளியூர்க்காரர்.

கொட்டகையில் முப்பது வருஷம் கிடந்த மாரிஸ் மைனரை இன்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்தால், பெயின்டைப் பார்த்தா காசு கொடுக்கிறார்? எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றுதான் குனிந்து பார்க்கிறார். பெருமாளுக்கு ஆர்.சி. புத்தகம் ஏது?

வேதம் படித்தவர்கள் விழித்தார்கள். கணக்குப்பிள்ளைகள் ஓலையைப் புரட்டினார்கள். கடைசியில் ஒரு தொண்டு கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கோயில் வண்ணார், ஈரங்கொல்லி என்பது கோயில் வழக்கில் அவர் பட்டம். கண் சுத்தமாகத் தெரியாது. அவர் முகம் எதையும் தடவிப் பார்க்கவில்லை. "இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் ஆகட்டும். உடுத்திய ஈரத்துணியைப் பிழிந்து ஆளுக்கொரு கிண்ணத்தில் கொடுங்கள்" என்றார். சலவைக்கு வந்த துணியைத் தினம் பிழிந்து அந்த ஈரவாடைத் தீர்த்தத்தைக் குடித்துப் பழகிய நாக்கு அது. முதல் கிண்ணத்தை வாயில் விட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது கிண்ணம் உதட்டில் பட்டதும் கஸ்தூரி மணத்தது. கிழவர் கத்திவிட்டார்: "இவரே நம்பெருமாள்!"

அன்றிலிருந்து அதுதான் பெயர். அழகிய மணவாளன் என்ற பெயர் ஏட்டோடு நின்றுகொண்டது. படித்தவர்கள் எழுதிக் குவித்த அத்தனை துதியையும் ஓரம் கட்டிவிட்டு, சலவைத்துறையில் பிறந்த ஒரு பெயரைத்தான் ஸ்ரீரங்கம் 650 வருஷமாக வாய் நிறையக் கூப்பிடுகிறது. அந்தக் கிழவருக்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள், பட்டம்தான் மிஞ்சியிருக்கிறது. கோபண்ணா தளபதி; அவர் பெயர் கல்லில் ஏறிவிட்டது.

வில்வ மரத்தடித் தாயார் கதையும் கிட்டத்தட்ட இதேதான். புதைத்த இடம் தெரிந்தவர்கள் போய்விட, புதிதாக ஒரு தாயாரைப் பிரதிஷ்டை செய்தார்கள். பிறகு பழையவர் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தார். இங்கே வண்ணாரைக் கூப்பிட்டு நியாயம் கேட்கவில்லை. இரண்டு பேரையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். தாயார் சந்நிதியில் இன்றும் மூலவர் இரண்டு.

மாளிகையாரையும் உருக்கிவிடவில்லை. யாகபேரர் என்று பதவி கொடுத்து நம்பெருமாள் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். யாகசாலைக் காரியங்களுக்கு எழுந்தருள்பவர் அவர்தான். அடுத்த முறை ரங்கா ரங்கா கோபுரம் தாண்டிப் போகிறவர்கள், பட்டர் சுவாமியிடம் அவரையும் விசாரித்துவிட்டு வாருங்கள். உரியவர் ஊரில் இல்லாத காலத்தில் அந்த இடத்தில் நின்றவர், ஒரு கும்பிடாவது போடலாம்.